தொய்வில்லாத கயிறு

பாலக்கரையில் கப்பல் ஸ்தனிஸ்லாஸைத் தெரியாதவர் கிடையாது. பம்பாய்க்கும் மொம்பாசாவுக்கும் நடுவே போய் வந்த ஒரு பயணிகள் கப்பலில் ஒன்பது வருஷம் இருந்தவன். ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, உறையூரில் ஒரு சுருட்டுக் கிட்டங்கியில் காவல் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆள் இறங்கினானே தவிர, பேர் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக வந்து நிற்பான். கத்தி மாதிரி நிற்கும் அந்த மடிப்பைப் பார்த்து, "கப்பல்காரன்னா கப்பல்காரன்தான்யா" என்று நாலு பேராவது சொல்வார்கள்.

அந்த மடிப்பில்தான் விஷயமே இருந்தது. ஒன்பது வருஷமும் அவன் கப்பலில் பார்த்தது சலவை வேலை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஆவி குமுறும் ஒரு அறையில், அதிகாரிகளின் வெள்ளை உடுப்புகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, கொடியில் காயவைத்து, தேய்த்துக் கொடுத்தான். நங்கூரம் இறங்கும்போது சங்கிலி கடகடவென்று ஓடும் சத்தம் அந்த அறை வரைக்கும் அதிரும். நங்கூரத்துக்கும் அவனுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். காதால் கேட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லை.

சலவை செய்ததில் என்ன குறைச்சல் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு குறைச்சலும் இல்லை. நாணயமான வேலை, அதை நன்றாகவும் செய்தான். ஆனால் அந்த வேலைக்கு ஊரில் என்ன மரியாதை என்பது அவனுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் ரோசம்மாளின் அப்பா, "மாப்பிள்ளைக்குக் கப்பல்ல என்ன வேலை?" என்று கேட்டபோது, நாக்கில் அதுவாக வந்து உட்கார்ந்தது: "நங்கூரம் போடுறதுங்க." பொய் சொல்லியாகிவிட்டது. சொன்ன பொய்க்குத் தினமும் சோறு போட வேண்டுமே! ஏடனில் புயல், இரவெல்லாம் இவன் ஒருத்தனே நங்கூரத்தைப் பிடித்துக் கப்பலை நிறுத்தியது, கேப்டன் கண்ணீர் விட்டுக் கையைக் குலுக்கியது என்று டீக்கடையில் அளந்து அளந்து அது ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. காண்ட்ராக்டர் தைரியராஜ் அவனைத் தேடி வந்தார். மன்னார்புரத்துக்காரர், சொந்தக் கார் வைத்திருப்பவர். கோயிலில் அவர் உட்காரும் இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

"கப்பல்காரரே, உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஒரு உதவி பண்ணணும்."

விஷயம் இதுதான். காவிரி நடுவில் குடிதண்ணீர்க் கிணறு இறக்க இடம் பார்க்கிறார்கள். ஆற்றுப் படுகையில் துளை போட்டு, அடிமண்ணை எடுத்துக் காட்ட வேண்டும். கோடையில் மணலில் நின்றுகொண்டே முடித்திருக்க வேண்டிய வேலை. இவர் அந்தக் கல்யாணம் இந்தக் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போனார். மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். இப்போது ஆற்றில் தண்ணீர், மேலே ஆபீசின் நெருக்கடி.

"தார் பீப்பா முப்பதைச் சேத்துக் கட்டி மேல பலகை அடிச்சிருக்கேன். நாலு மூலைக்கும் நாலு நங்கூரம் பட்டறையில அடிக்கச் சொல்லியாச்சு. மிதவை நடு ஆத்துல அசையாம நிக்கணும். இந்தத் திருச்சினாப்பள்ளியில நங்கூரம் போடத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தானே?"

இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரே ஒரு வார்த்தை. கிட்டங்கியில் லீவு கிடைக்காது என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் பக்கத்தில் நின்ற ரோசம்மாள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "அதெல்லாம் அவருக்குச் சோத்துல உப்புப் போடுற மாதிரிங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சுற்றி நின்றவர்களெல்லாம் இவனையே பார்த்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்துக்கலாம்ங்க" என்றான்.

அந்த வாரமே மிதவையை ஆற்றில் இறக்கினார்கள். அதைக் கரையோரமாக மேற்கே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து ஓட்டத்தோடு நடு ஆற்றுக்கு விட வேண்டும். எட்டு ஆள் கரையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். மிதவை கரையில் வந்து முட்டாமல் துடுப்பால் வெளியே தள்ளிப் பிடித்தவன் அம்மாசி. ஓடத்துறையில் பரிசல் விடுகிறவன். ஸ்தனிஸ்லாஸ் வயதுதான் இருக்கும், நாற்பது. அவனிடம் இருந்தது ஒரு பரிசலும், அந்தத் துறையில் அதை விடுவதற்கு ஒரு லைசென்சும். அம்மாசி வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த லைசென்சால்தான். மிதவைக்கு ஆட்களையும் சோற்றையும் கொண்டுபோய் விடுவதற்காகத் தைரியராஜ் அவனைப் பேசி வைத்திருந்தார்.

இழுக்கிறபோது ஸ்தனிஸ்லாஸ் என்ன செய்தான்? மிதவை மேல் பூட்ஸ் காலோடு இடுப்பில் கை வைத்து நின்றான். துளை போடும் மேஸ்திரி ஹனீஃபா பாய், "நீங்க இருக்கீங்க, எங்களுக்கென்ன கவலை" என்று வேறு சொன்னார்.

நடு ஆற்றுக்கு வந்ததும் நங்கூரம். ஸ்தனிஸ்லாஸ் மூங்கிலை விட்டு ஆழம் பார்த்தான். இரண்டு ஆள் ஆழம். மூங்கிலில் ஈரம் ஏறிய இடத்தை அளந்து, அதற்கு மேல் ஒரு முழம் சேர்த்துக் கயிற்றை வெட்டச் சொன்னான். நாலு நங்கூரத்தையும் நாலு மூலையில் நேர் கீழே இறக்கினான். கயிற்றைக் கொஞ்சமும் தொய்வில்லாமல் இழுத்து இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்து ஒவ்வொரு கயிற்றையும் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். டங் என்றது. அப்போதுதான் அவனுக்குத் திருப்தி.

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று அவன் யோசிக்கவே இல்லை. கப்பல் ஆடும்போது கொடி தொய்ந்திருந்தால் துணிக்குத் துணி உரசி மடிப்புக் கெடும். அதனால் கொடியை இழுத்துக் கட்டி, தட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது வருஷம் அந்தக் கை அதைத்தான் செய்தது. கயிறு என்றால் அந்தக் கைக்குத் தெரிந்தது அந்த ஒரு நியாயம்தான்.

அம்மாசி பரிசலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, கயிறு இவ்வளவுதானா?"

"ஆழமே இவ்வளவுதானேப்பா."

"நான் பரிசலுக்குக் கல்லுப் போட்டாலே ஆழத்துக்கு அஞ்சு மடங்கு, ஆறு மடங்கு விடுவேங்க. கயிறு நீளமாச் சாஞ்சு கெடந்தாத்தான் புடிக்கும். நெட்டுக்குத்தலா நின்னா எப்படிண்ணே?"

"தொய்வா விட்டா மிதவை இங்கயும் அங்கயும் அலையும். கப்பல்ல தொய்வுங்கிற பேச்சே கெடையாது, தெரியுமா?"

அம்மாசி கயிற்றைப் பார்த்தான், ஸ்தனிஸ்லாஸின் விரலைப் பார்த்தான். "கப்பலு வேற போலருக்கு" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போட்டான்.

நங்கூரம் கனத்தால் பிடிப்பதில்லை; படுத்தால்தான் பிடிக்கும். கயிறு நீளமாகச் சாய்ந்திருந்தால் இழுக்க இழுக்கக் கொக்கி மணலுக்குள் புதையும். கயிறு நேராக நின்றால், முள்ளங்கியைப் பிடுங்குகிற மாதிரி மேலே வந்துவிடும். இது அம்மாசிக்குத் தெரியும். கப்பலில் மேல்தட்டில் நின்ற எவனுக்கும் தெரியும். ஆனால் ஓட்டம் அப்போது மெதுவாக இருந்தது. மிதவை நின்றது. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினெட்டு நாள் அசையாமல் நின்றது!

அந்தப் பதினெட்டு நாளும் ஸ்தனிஸ்லாஸ் ஆளே மாறிப்போனான். சொன்ன பொய் நிஜமாகிவிட்டதே! காலையில் ஓடத்துறைக்குப் போவான். கரையில் நிற்பவர்கள் வழி விடுவார்கள். பரிசலை எங்கே கட்டுவது என்று அம்மாசி கேட்டபோது, "அந்த நங்கூரக் கயித்துலயே கட்டிக்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் உத்தரவு போட்டதும் அவன்தான்.

பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. மேலே தண்ணீர் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள் என்று காலையிலேயே பேச்சு. அம்மாசி வந்து சொன்னான். "அண்ணே, தண்ணி நெறம் மாறுது. இன்னிக்கி வேலை வேண்டாம். இல்லேன்னா என்கிட்ட நீளக் கயிறு கெடக்கு, ஒட்டுப் போட்டு நல்லா விட்டுருவோம்."

அருகில் ஹனீஃபா பாயும் இரண்டு கூலி ஆட்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் ஒரு பரிசல்காரன் கப்பல்காரனுக்கு நங்கூரம் சொல்லித் தருவதா? "போட்டது நான். நான் பாத்துக்கறேன். நீ ஆளை ஏத்து" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

பத்து மணிக்கு ஆறு ஒரு முழம் ஏறியது. கயிறுகள் நரம்பாய்ப் புடைத்து நின்றன. பீப்பாய்கள் மேலே வரப் பார்த்தன, கயிறு விடவில்லை. மிதவையின் பலகைக்கு மேல் தண்ணீர் வந்து காலை நனைத்தது. ஹனீஃபா பாய் நிமிர்ந்து இவனைப் பார்த்தார். இவன் இன்னொரு கயிற்றை விரலால் தட்டிப் பார்த்தான், பாவி மனுஷன்! அப்போது மேற்கு மூலையில் ஒரு குலுங்கல். நங்கூரம் மணலை விட்டுக் கிளம்பிவிட்டது. அடுத்து இரண்டாவது. மிதவை அரை வட்டம் சுற்றியது. துளை போட நிறுத்தியிருந்த முக்காலியும் இரும்புக் குழாயும் சாய்ந்து ஆற்றோடு போயின. மூன்றாவதும் நாலாவதும் எப்போது கிளம்பின என்றே தெரியவில்லை. கீழே, ஓட்டம் போகும் பக்கம், காவிரிப் பாலத்துத் தூண்கள் இவர்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தன.

"யா அல்லா! ஸ்தனிஸ்லாஸ், என்ன பண்ணணும் சொல்லுங்க!" என்று ஹனீஃபா பாய் கத்தினார்.

ஸ்தனிஸ்லாஸ் பலகையில் குப்புறப் படுத்து, ஆணி அடித்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறு ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை.

அம்மாசிதான் வந்தான். எங்கிருந்து எப்படி அந்த ஓட்டத்தில் பரிசலைக் கொண்டு சேர்த்தானோ, மிதவைக்குப் பக்கத்தில் வந்து கயிற்று நுனியை வீசினான். ஹனீஃபா பாய் பிடித்து நடுக்கட்டையில் கட்டினார். அம்மாசி மிதவையை இழுக்கப் பார்க்கவில்லை. பரிசலால் அது முடியாது என்று அவனுக்குத் தெரியும். கயிற்றை விட்டுக்கொண்டே பரிசலைக் கரைக்குத் தள்ளி, குதித்து ஓடினான். கரையில் நின்ற மருத மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். சட்டென்று நிறுத்தினால் கயிறு அறும் என்று, கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து, மறுபடி விட்டு, மறுபடி பிடித்தான். மிதவையின் வேகம் அடங்கியது. நீளக் கயிற்றின் நுனியில் அது வளைந்து வந்து கரையோர நாணலில் முட்டி நின்றது. பாலத்துக்கு ஐம்பது அறுபது கஜம்கூட மிச்சம் இல்லை.

நாலு பேரும் கரையேறினார்கள். அம்மாசியின் இடது கையில் இரண்டு விரல்கள் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தன. அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான்.

தைரியராஜின் கார் வந்தது. குழாய் போயிற்று, முக்காலி போயிற்று, கெடு போயிற்று. மேலே யாருக்காவது பதில் சொல்ல வேண்டும். கோடையில் செய்யாமல் விட்டது நான்தான் என்று எந்தக் காண்ட்ராக்டர் சொல்வார்? அவர் கண் கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அம்மாசி மேல் நின்றது.

"எல்லாம் இந்தப் பய பண்ண வேலை. தெனமும் பரிசலைக் கொண்டுபோய் நங்கூரக் கயித்துலயே கட்டியிருக்கான். ஆட்டி ஆட்டி நங்கூரத்தைக் கெளப்பிட்டான்."

"எங்களைக் கரை சேத்ததே அம்மாசிதானேங்க" என்றார் ஹனீஃபா பாய்.

"அவன் கெடுத்ததை அவனே சரி பண்ணான், அவ்வளவுதான் பாய்." தைரியராஜ் திரும்பினார். "கப்பல்காரரே, நீங்க சொல்லுங்க. பரிசலைக் கட்டுனதாலதானே நங்கூரம் கெளம்புச்சு?"

எல்லாரும் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தார்கள். அம்மாசியும் பார்த்தான். துண்டைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, நேராக முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

ஸ்தனிஸ்லாஸுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து அவன் சொன்ன வார்த்தை இது: "இருக்கலாம்ங்க."

அம்மாசி குனிந்து மறுபடி துண்டைச் சுற்ற ஆரம்பித்தான்.

"நாலு உயிரோட வெளையாடியிருக்கான்" என்றார் தைரியராஜ். "இனிமே ஓடத்துறையில இவன் பரிசல் ஓடக் கூடாது. லைசென்சை ரத்து பண்ணச் சொல்லி நானே எழுதறேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். கப்பல்ல இருந்தவர் சொல்றாருன்னா ஆபீஸ்ல மறுபேச்சு இருக்காது. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டாறேன்."

ஸ்தனிஸ்லாஸ் வீட்டுக்கு நடந்தே போனான். ஈரக் கால்சட்டை தொடையில் ஒட்டியது. வாசலிலேயே ரோசம்மாள் நின்றாள். சேதி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது, அதுவும் தலைகீழாக. கறி எடுத்து வந்து குழம்பு வைத்திருந்தாள்.

"ஏங்க, நாலு பேரு உசுரைக் காப்பாத்துனீங்களாமே! தெருவே பேசுது. அந்தப் பரிசல்காரன்தான் கெடுத்தானாமே?"

"ம்" என்றான்.

சோறு இறங்கவில்லை. களைப்பு என்று எழுந்துவிட்டான். அவள் கறித்துண்டுகளைப் பொறுக்கி இரவுக்கு எடுத்து வைத்தாள். அவனுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல் இருந்தது. இருக்கலாம்ங்க! பரிசலை அங்கே கட்டச் சொன்ன வாயாலேயே இருக்கலாம்ங்க! கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினான், முகம் கழுவினான், மறுபடி கை கழுவினான். கொல்லையில் ரோசம்மாளின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் கட்டிய கொடிதான். துளித் தொய்வு இல்லாமல் சுவருக்குச் சுவர் இழுத்து நின்றது. கிட்டே போய்ப் பார்த்தான். தட்டிப் பார்க்கக் கை போனது. பாதியில் கையை இழுத்துக்கொண்டான். தனக்கு நங்கூரம் கட்டத் தெரியாமல் போனது மட்டும் இல்லை, தான் எதைக் கட்டினோம் என்பதும் அப்போது புரிந்தது. கூச்சத்தில் உடம்பெல்லாம் சுட்டது.

சனிக்கிழமை கிட்டங்கிக்குப் போகிறவன் வழி மாறி ஓடத்துறைக்குப் போனான். பரிசலை அம்மாசியின் பெண்டாட்டி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாசி விளிம்பில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "இடது பக்கம் போடு, இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பழக்கம் இல்லை. பரிசல் பம்பரமாய்ச் சுற்றியது. ஏறியிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தான். பக்கத்தில் போக நினைத்தான், கால் வரவில்லை. திருடன் மாதிரி வந்த வழியே திரும்பிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. பூசையில் சாமியார் ஆற்றில் தப்பித்தவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னார். எத்தனை தலை இவன் பக்கம் திரும்பியது என்று எண்ணவே முடியாது. ஸ்தனிஸ்லாஸ் தரையைப் பார்த்தபடியே முழந்தாளில் இருந்தான். பூசையில் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்கப் போகவில்லை.

வெளியே வந்ததும் தைரியராஜ் காரின் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்துவிட்டார். டைப் அடித்திருந்தது. 'கப்பல் அனுபவம் உள்ளவரும், நங்கூரம் இடுவதில் தேர்ந்தவருமான' என்று அவன் பேருக்கு முன்னால் இரண்டு வரி. கீழே அம்மாசியின் பேர், அஜாக்கிரதை, உயிராபத்து, உரிமம் ரத்து. பேனாவைத் திறந்து நீட்டினார். ரோசம்மாள் அருகில் நின்றாள். அவளைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள். அமிர்தராஜ் என்று ஒரு டீக்கடைக் கூட்டாளி, ஏடன் புயல் கதையை நூறு தடவை கேட்டவன், தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்.

ஸ்தனிஸ்லாஸ் பேனாவை வாங்கினான். வாங்கி மூடினான்.

"எனக்கு நங்கூரம் போடத் தெரியாதுங்க."

தைரியராஜ் சிரித்தார். "உங்க தன்னடக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம். கையெழுத்தைப் போடுங்க, நேரமாவுது."

"நெசமாவே தெரியாதுங்க. நான் கப்பல்ல துணி தொவைச்சேன். ஒம்பது வருஷமும் அதான் வேலை." குரல் பிசிறியது, ஆனாலும் நிற்கவில்லை. "கயித்தைக் கொடி மாதிரி இழுத்துக் கட்டுனது நான். நீளமா விடச் சொல்லி அம்மாசி ரெண்டு தடவை சொன்னான். நான் கேக்கல. பரிசலை அங்க கட்டச் சொன்னதும் நான்தான். ஆத்துல போறப்ப நான் குப்புறப் படுத்துக்கிட்டு அழுதேன். ஹனீஃபா பாயைக் கேட்டுப் பாருங்க."

முதலில் சிரித்தது அமிர்தராஜ்தான். தோளில் கிடந்த கையை எடுத்துவிட்டு, "அட, துணி தொவைச்சியா! அப்ப ஏடன்ல யார்றா புயலை நிறுத்துனது?" என்றான். சிரிப்பு கூட்டத்தில் பரவியது. ஒரு பெண் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டாள். சாமியார் மட்டும் படியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தைரியராஜின் முகம் கறுத்தது. அவருக்கு இவன் பொய்யைவிட, நாலு பேர் முன்னால் தானும் ஏமாந்து நிற்பதுதான் பொறுக்கவில்லை. காகிதத்தை நாலாகக் கிழித்து அவன் காலடியில் போட்டார்.

"நாலு பேரு செத்திருப்பாங்கய்யா. காவல் காக்கற பயலுக்கு எதுக்குய்யா இந்த வாய்க்கொழுப்பு?" கார் கதவு அறைந்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

ஸ்தனிஸ்லாஸ் கிழிந்த காகிதத்தைக் குனிந்து பொறுக்கினான். ஒரு துண்டைக்கூட விடவில்லை. நிமிர்ந்தபோது ரோசம்மாள் பக்கத்தில் இல்லை. தூரத்தில் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். வீடு வரைக்கும் அவன் அவளுக்குப் பத்தடி பின்னாலேயே போனான். அவள் திரும்பவில்லை. வாசற்படி ஏறித்தான் பேசினாள், அதுவும் கதவைப் பார்த்து.

"அன்னிக்கு எங்கப்பா கேட்டப்பவே உள்ளதைச் சொல்லியிருந்தா, எங்கப்பா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாரு. நான் சொல்லியிருக்க மாட்டேன்." கதவுத் தாழை நீக்கினாள். "நாலு வருஷமா குழாயடியில உங்க கதையத்தான் பேசிக்கிட்டிருந்தேன். கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாதீங்க."

அவன் வீட்டுக்குள் போகவில்லை. உடுப்பை மாற்றக்கூட இல்லை. அப்படியே ஓடத்துறைக்கு நடந்தான். வெயில் உச்சியில் இருந்தது. பரிசல் இந்தக் கரையில்தான் நின்றது. அம்மாசியின் பெண்டாட்டி உள்ளே சேர்ந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கத்துக்குப் போக ஆறேழு பேர் கூடையும் மூட்டையுமாக நின்றார்கள். ஸ்தனிஸ்லாஸ் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி, பரிசலில் உட்கார்ந்திருந்த அம்மாசியின் முன்னால் போய் நின்றான். கிழிந்த துண்டுகளைக் கையில் காட்டினான். கோயில் வாசலில் சொன்னதை ஒன்று விடாமல் மறுபடி சொன்னான். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

அம்மாசி கேட்டு முடித்தான். "லைசென்சுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது. கையெழுத்து இல்லாம அவர் எழுத மாட்டாரு. எழுதுனாலும் நான் ஆபீசுக்கு வந்து சொல்வேன்."

"சரி" என்றான் அம்மாசி. பிறகு, "துணி தொவைச்சது எனக்கு அன்னிக்கே தெரியும்ணே" என்றான்.

ஸ்தனிஸ்லாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படி?"

"கயித்தைக் கட்டிட்டு வெரலால தட்டிப் பாத்தீங்கல்ல. துறையில துணி காயப்போடுறவங்க கொடியை அப்படித்தான் தட்டுவாங்க. நங்கூரம் போடுறவன் எதுக்குத் தட்டப்போறான்?"

"அப்ப ஏன் காண்ட்ராக்டர்கிட்ட நீ சொல்லல?"

"நான் சொன்னா எடுபடவா போவுது?" அம்மாசி அவிழ்ந்திருந்த கட்டின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினான். "அதுவும் இல்லாம, அவர் உங்களைக் கேட்டப்ப, நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். அதான் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன்."

ஸ்தனிஸ்லாஸ் கிழிந்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டான். தண்ணீர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. கோயில் வாசலில் அத்தனை பேர் சிரித்தபோது வராத அழுகை இப்போது வந்தது. அதை விழுங்கிக்கொண்டான். அம்மாசியின் பெண்டாட்டி தண்ணீரை இறைத்து முடித்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு, இவன் விலகுவதற்காகக் காத்து நின்றாள். அவள் உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"கை ஆறுற வரைக்கும் நான் துடுப்புப் போடட்டுமா?" என்று கேட்டான்.

அம்மாசி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "போடத் தெரியுமா?"

ஆமாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, பழக்கதோஷம். ஸ்தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரியாதுங்க."

"அப்ப வழிய விட்டு நில்லுங்கண்ணே. ஆளுங்க ஏறணும்" என்றான் அம்மாசி.

ஸ்தனிஸ்லாஸ் விலகி நின்றான்.